கட்டுப்படியாகாத எடை

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு, "கட்டுப்படியாகாது" என்றது.

சுருளிவேல் கெஞ்சிப் பார்த்தார். பிறகு திட்டிப் பார்த்தார். பிக்கப் வண்டி இரண்டையும் ஒரே மரியாதையோடு கேட்டுக்கொண்டு, நடக்கிற வேகத்தில் குமுளி மலையில் ஊர்ந்தது. பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக முந்திப் போயின. அவற்றில் ஒன்று கல்யாணப் பந்தல் சாமான் ஏற்றியது. அதற்கு அவசரமே இருந்திருக்காது.

முந்தின காலத்து எஞ்சின்கள் மிதித்தால் ஓடின. பிறகு, வண்டிக்குப் பதினைந்து வருட உத்தரவாதம் தரவேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. தயாரித்தவர்கள் கெட்டிக்காரர்கள், எஞ்சினைப் பலப்படுத்துவதைவிட அதற்கு உயிர்மேல் ஆசையை ஊட்டிவிடுவது மலிவு என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஆசைக்காக உள்ளே வைத்த மூளைக்குப் பொறிமதி என்று பெயர். எவ்வளவு இழுக்கலாம், எவ்வளவு இழுத்தால் தேய்மானம் என்று அதுவே கணக்குப் பார்க்கும். ஸ்டியரிங், கியர், பிரேக் எல்லாம் அதன் வசம். மனிதனுக்கு மிஞ்சியது ஓர் இருக்கை. விபத்து என்று ஒன்று நடந்தால் வழக்கில் யார் பெயரையாவது எழுத வேண்டுமே, அதற்காக லைசென்ஸ் உள்ள ஒருவர் வண்டியில் ஏற வேண்டும் என்பது விதி. அவருக்குப் பொறுப்பாள் என்று பெயர். மலையடிவாரச் சோதனைச் சாவடியில் முகத்தைக் காட்டிப் பெயரைப் பதிந்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. அதற்குப்பின் அவர் வேடிக்கை பார்க்கலாம்.

வேடிக்கை பார்க்கிற நிலையில் சுருளிவேல் இல்லை. சின்னமனூர் கமிஷன் கடைக்காரர், குமுளியை முதலில் தொடுகிற வண்டிகளுக்குத்தான் மறுநாள் லோடு கொடுப்பார். கடைசியில் வருகிறவர்களுக்கு டீ கொடுப்பார். சுருளிவேல் பல நாளாக டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த வண்டியை விட்டால் அவருக்கும் மனைவி தாரணிக்கும் வேறு பிழைப்பு கிடையாது.

உத்தமபாளையத்தில் ஜபருல்லா ராவுத்தரின் வண்டிச் சாமான் கடையில்தான் அந்தப் பெட்டியைப் பார்த்தார். உள்ளங்கையில் அடங்கும் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் அதன் வாலைச் செருக வேண்டும். கம்பெனி வைத்த பெயர் நீளமாக இருந்தது. ஊர் சுதிப்பெட்டி என்று சுருக்கிவிட்டது. பிராந்தி உள்ளே போனவனுக்குச் சுதி ஏறிவிட்டது என்பார்கள் அல்லவா, வண்டிக்கும் அதேதான்.

இதே மாதிரி பெட்டி முன்பும் வந்தது, எஞ்சின் வெந்து போனதே என்று சுருளிவேல் சந்தேகப்பட்டார். ஊர் வழக்கப்படி இருவரும் மாமன் மாப்பிள்ளை முறை. பொய் சொன்னாலும் உரிமையோடு சொல்லலாம்.

"அது பழசு மாப்ள. எஞ்சின ஏமாத்திப் புடுங்கும். இது ஏமாத்தாது, பேரம் பேசும்" என்றார் ஜபருல்லா. "உனக்கு என்ன வேணும்னு எஞ்சினக் கேக்கும். அது கேக்கறத நீ குடுத்தா, நீ கேக்கற இழுவைய அது குடுக்கும். தரகு மாதிரின்னு வச்சுக்க."

"எப்படிப் பேசும்?"

"உன்ன மாதிரி. சட்டப் பையில வச்சுக்கிட்டு நாலு சந்தைக்குப் போயிட்டு வா. உன் வாயத் தூக்கிக்கும்."

சுருளிவேல் வெங்காய வியாபாரி வீட்டுப் பிள்ளை. அவரோடு கடைக்குப் போவதைத் தாரணி நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. விலை ஒட்டிய மருந்துப் பாட்டிலுக்கே பேரம் பேசுகிறவரை எங்கே கூட்டிப்போவது? அந்தப் பெட்டியையே அவர் சாயங்காலம் வரை பேசித்தான் வாங்கினார். அது அத்தனையையும் கேட்டுக்கொண்டு மேஜைமேல் கிடந்தது. முதல் பாடம் அங்கேயே முடிந்தது.

சந்தைகளுக்குப் போய்வந்தபின், பெட்டி அவர் குரலிலேயே பேச ஆரம்பித்தது. அவருடைய இழுப்பு, அவருடைய சலிப்பு, நடுவே ஒரு போலிச் சிரிப்பு. முதல் நாள் எஞ்சினோடு பேசிவிட்டு வந்து, "அண்ணே, ஸ்டெப்னியக் கழட்டிருங்க. அந்தக் கனத்துக்கு வளைவுல நல்லா இழுத்துத் தர்றேங்குது" என்றது. சுருளிவேல் மாற்றுச் சக்கரத்தைக் கழற்றி வீட்டில் போட்டார். அன்று அவர் நான்காவதாகக் குமுளியைத் தொட்டார். அடுத்து ஜாக்கியும் கருவிப்பெட்டியும் போயின. பிறகு பக்கத்து இருக்கை. அந்த வாரம் முழுக்க அவர்தான் முதல் வண்டி. கமிஷன் கடைக்காரர் எழுந்து நின்று லோடு கொடுத்தார்.

நல்ல காலம் என்பது பக்கத்துக் கடைக்காரன் கண்ணில் படும்வரைதான். அடுத்த மாதமே கம்பம் பள்ளத்தாக்கில் சுதிப்பெட்டி இல்லாத பிக்கப் கிடையாது. எல்லாரும் ஸ்டெப்னியைக் கழற்றினார்கள். எல்லாரும் வேகமாக ஏறினார்கள். அதனால் வரிசை பழையபடியே ஆனது. சுருளிவேலும் பழைய இடத்துக்கே வந்து டீ குடித்தார். மாற்றுச் சக்கரம் இல்லாமல் குடித்தார் என்பதுதான் வித்தியாசம்.

பெட்டி மறுபடி பேசப் போனது. இந்த முறை எஞ்சின், பிரேக்கைக் குளிரவைக்கிற விசிறி தன் சக்தியைத் தின்கிறது என்றது. மோதினால் விரிந்து நெஞ்சைத் தாங்குகிற காற்றுப்பையும் வீண் கனம் என்றது. சுருளிவேல் தாடையைச் சொறிந்தார். உட்காரப் போவது தான்தானே என்று நினைத்தார். சொந்தக் கழுத்தை அடகு வைக்க யாரிடம் சம்மதம் கேட்க வேண்டும்? இரண்டையும் கொடுத்தார். இரண்டு வாரம் முதல் வரிசை. அதற்குள் மற்றவர்களும் கொடுத்துவிட்டார்கள்.

கழற்றுவதற்கு வண்டியில் ஒன்றும் இல்லை என்று ஆனபோது, எஞ்சின் பொறுப்பாளைப் பார்த்தது.

லோயர் கேம்ப்பில் புரோட்டாக் கடை வைத்திருந்தவர்தான் இதை முதலில் புரிந்துகொண்டார். கல்லை அணைத்துவிட்டு வாசலில் ஒரு எடை மெஷினை வைத்தார். பிக்கப்காரர்கள் வரிசையில் நின்று ஏறி இறங்கி, சுடுதண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். சுருளிவேலின் தொப்பை முதலில் போயிற்று, பிறகு கன்னம். மோதிரம் விரலில் நிற்கவில்லை. ராத்திரிச் சோற்றை அவர் தள்ளி வைக்கும்போதெல்லாம், "நான் புருஷன் வச்சிருக்கேனா, எடைக்கல்லு வச்சிருக்கேனா?" என்று தாரணி கேட்டாள். அவர் சிரித்தார். சிரிப்பதற்கும் கொஞ்சம் சதை வேண்டும். சிரிப்பு சரியாக வரவில்லை.

ஒரு காலையில் பீன்ஸ் மூட்டைகளோடு லோயர் கேம்ப் வந்து சேர்ந்ததும் வண்டி நின்றுவிட்டது. சோதனைச் சாவடி எதிரே தெரிந்தது. பெட்டி தொண்டையைச் செருமியது. அதற்குத் தொண்டை கிடையாது; சுருளிவேல் பெரிய விலை சொல்லுமுன் செருமுவார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு. உங்க கனம் கட்டுப்படியாகலங்குது."

இன்னும் இரண்டு கிலோ குறைத்துவிடுகிறேன், ஒரு வாரம் அவகாசம் கேள் என்றார் சுருளிவேல். கேட்டுப் பார்த்துவிட்டதாகவும், எஞ்சின் வேறொரு யோசனை சொல்வதாகவும் பெட்டி சொன்னது. அக்காவிடம், அதாவது தாரணியிடம், லைசென்ஸ் இருக்கிறது, முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவர், எடையும் இவரில் முக்கால்வாசிதான். மற்ற வண்டிகளில் தங்கச்சியும் கொழுந்தியாளும் வந்து உட்கார்ந்து ஒரு வாரம் ஆகிறதே, அண்ணன் கவனிக்கவில்லையா?

அவர் கவனித்திருந்தார். கவனிக்காததுபோல் இருந்தார்.

"அவள இதுக்குள்ள இழுக்காத" என்றார்.

"நான் எங்கண்ணே இழுத்தேன்? விடியக்காலயே போன் பண்ணிச் சொல்லிட்டேன். பஸ்ஸுல வந்துட்டிருக்காங்க."

அப்போதுதான் சுருளிவேலுக்கு உறைத்தது. விசிறியைக் கொடுத்ததும் காற்றுப்பையைக் கொடுத்ததும் தான் உட்காரப் போகிற இருக்கைக்காக. அந்த இருக்கையில் அவள் உட்காருவாள் என்று அவர் கணக்கில் எங்குமே இல்லை. முதலில் அந்த இரண்டையும் திருப்பி வாங்கு, பிறகு பேசலாம் என்று பெட்டியிடம் சொன்னார்.

"வித்தது வித்ததுதாண்ணே" என்றது அது, வருத்தத்தோடு. எத்தனையோ பேரிடம் அவர் அதே வருத்தத்தோடு சொன்ன வார்த்தை.

இனி ஒரே ஒரு வழி இருந்தது. எல்லாச் சந்தையிலும் எல்லாரும் செய்வது. சாமான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். கடைக்காரன் கூப்பிடுகிற தூரத்தைத் தாண்டாதபடி மெதுவாக நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. "உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்" என்று நடுவிலையோடு பின்னாலிருந்து குரல் வரும். வந்தே தீரும்.

சுருளிவேல் கதவைத் திறந்து இறங்கினார். வண்டியின் முதுகு லேசாக நிமிர்ந்தது. அவர் மெதுவாக நடந்தார். எடை மெஷினைத் தாண்டினார். வேட்டியைச் சரிசெய்கிற சாக்கில் ஒருமுறை நின்றுகொண்டார். பின்னாலிருந்து குரல் வரவில்லை. எஞ்சின் உறுமுகிற சத்தம்தான் வந்தது. பெட்டிக்குத் தெரியாத வித்தையா? அவரிடம் படித்ததுதானே.

எதிரே பஸ்ஸிலிருந்து தாரணி இறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு கூடை. பெட்டி போனில் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வந்தவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவர் மறித்து நின்றார். விசிறி இல்லாததைச் சொன்னார், காற்றுப்பை இல்லாததைச் சொன்னார். இத்தனை நாள் வீட்டில் சொல்லாததையெல்லாம் நடுரோட்டில் நின்று சொன்னார்.

"அப்ப நீங்க இத்தன நாளும் அதுலதான் உக்காந்து போயிட்டு வந்தீங்களா?" என்றாள் அவள்.

"என் கழுத்துன்னு நெனச்சுக் குடுத்தேன், தாரணி."

அவள் கொஞ்சநேரம் அவரைப் பார்த்தாள். எலும்பு துருத்திய அந்தக் கழுத்தையும் பார்த்தாள். ஒரு நாள் லோடு தவறினால் கமிஷன் கடைக்காரர் இந்த ஜென்மத்தில் கூப்பிடமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.

"பேசுனது போதும். காய் வாடுது" என்று சொல்லிவிட்டு அவள் போய் ஏறினாள்.

சோதனைச் சாவடியில் அவள் முகத்தைக் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. பெயர் பதிவாயிற்று. வண்டி அவரைத் தாண்டி மலைக்குத் திரும்பியபோது அவள் அவரைப் பார்க்கவில்லை. முன்னாலிருந்த எதையோ கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். முதல் வளைவில் வண்டி ஒரு கணம் தயங்கியது. ஜன்னல் வழியாகக் கூடை வெளியே விழுந்தது. வண்டி சட்டென்று வேகமெடுத்து மறைந்தது.

சுருளிவேல் ஓடினார். ஓடுகிற உடம்பாக அது இல்லை; பாதி ஓட்டம், பாதி நடை. கூடைக்குள் அவருக்கென்று அவள் கட்டிக்கொண்டு வந்த சோறு இருந்தது. இனி அவர் சாப்பிடலாம், யாரும் எடை பார்க்கப்போவதில்லை. அவர் அதைத் தொடாமல் மேலே ஏறினார். இரண்டாவது வளைவில் அவளுடைய செருப்பு கிடந்தது. ஒன்று ரோட்டில், ஒன்று ஓரத்துச் செடியில். மூன்றாவது வளைவில் கைப்பேசி, கண்ணாடி உடைந்து. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, யாருக்குப் பேசுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான்காவது வளைவில் ஒரு குரல் கேட்டது. அவருடைய குரல்.

"அண்ணே. இங்கண்ணே. கைப்பிடிச் சுவருக்குக் கீழ."

சுதிப்பெட்டி வால் அறுந்து மண்ணில் கிடந்தது. அதன் சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நீ எப்படி இங்கே வந்தாய் என்று கேட்டார்.

"என்னயும் எறக்கி விட்டுட்டாங்கண்ணே. நூத்தம்பது கிராம் கட்டுப்படியாகலயாம். அக்காவும் எஞ்சினும் நேராவே பேசிக்கிறாங்க."

விற்பவனும் வாங்குபவனும் நேரில் பழகிவிட்டால் தரகனை யார் வைத்துக்கொள்வார்கள்? எந்தச் சந்தையிலும் நடப்பதுதான். சுருளிவேல் மண்ணில் மண்டியிட்டு அதைக் கையில் எடுத்தார்.

"என்ன பேசிக்கிறாங்க?"

"தெரியலண்ணே. நான் இருக்கற வரைக்கும், எறக்க இன்னும் என்ன இருக்குன்னு எஞ்சின் கேட்டுட்டிருந்துச்சு."

"ஆள் இல்லாம வண்டி போகக் கூடாதுல்ல. சட்டம் இருக்குல்ல."

"சட்டம் பேரைத்தாண்ணே கேக்குது. பேரு கீழயே பதிஞ்சாச்சு. பேருக்குக் கனம் கெடையாது."

வண்டியில் இனி இருந்தது பீன்ஸும் தாரணியும்தான். பீன்ஸுக்கு விலை உண்டு.

அவர் எழுந்து மேலே பார்த்தார். எத்தனையோ வளைவுகளுக்கு அப்பால், மரங்களுக்குள்ளிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. திணறல் இல்லை, இரைப்பு இல்லை. இத்தனை லேசாக அது மலையேறி அவர் கேட்டதே கிடையாது.