இடது பின்கதவில் மட்டும் பேட் ஏன் சிவந்தது?

மெஹ்னாஸுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். பால்காரர் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தால், பாலில் தண்ணீர் கூடிவிட்டதோ என்று சந்தேகம். கணக்கு டீச்சர் அன்பாகப் பேசினால், திடீர்ப் பரீட்சை வரப்போகிறதோ என்று சந்தேகம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு சந்தேகம் ஆகாது என்று அவள் அம்மா சாபிரா அடிக்கடி சொல்வார். அம்மா ஏன் அதை அடிக்கடி சொல்கிறார் என்பதிலும் அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எர்ணாவூர் மெயின் ரோட்டில் சாபிரா ஒரு கார் பாலிஷ் கடை வைத்திருந்தார். தகரக் கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டி, கையில் பிடித்துத் தேய்க்கும் ஒரு மெஷின், சுவர் முழுக்க ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு வட்டமான பேட் தொங்கும். மெஷினின் முகத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வண்டியைத் தேய்ப்பது இந்த பேட்தான். பார்க்க எல்லாம் தோசை மாதிரி ஒரே வட்டம்தான். ஆனால் மாற்றி எடுத்தால் வண்டி காலி.

துறைமுகத்து லாரி வந்தால் கம்பளி பேட், கரகரப்பான பாலிஷ். கார் வந்தால் மஞ்சள் ஃபோம் பேட், நைஸான பாலிஷ். கறுப்புக் காராக இருந்தால் இன்னும் மெத்தென்ற பேட் வேண்டும். கறுப்பில் ஒரு சின்னக் கோடு விழுந்தாலும் ஊருக்கே தெரிந்துவிடும். பளபளப்பில்லாத பெயிண்ட் அடித்த பைக் வந்தால் மெழுகு டப்பாவைத் திறக்கவே கூடாது. திறந்தால் பைக் திட்டுத்திட்டாக மின்னி, எண்ணெய் வழிகிற முகம் போல ஆகிவிடும்.

இதெல்லாம் மெஹ்னாஸுக்கு மனப்பாடம். பள்ளியில் மனப்பாடச் செய்யுள்தான் மனத்தில் நிற்காது.

கடையில் வேலைக்கு ஒருவர்தான் இருந்தார். பெயர் சாலமோன். எண்ணூர்க் குப்பத்துக்காரர். முன்பு ஃபைபர் படகுகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர். சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதிகம் பேசமாட்டார். அதிகம் பேசாதவர்கள் மீது மெஹ்னாஸுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகம்.

அந்தச் சனிக்கிழமை காலையில், ஆணியில் தொங்கிய அவருடைய பை லேசாகத் திறந்திருந்தது. அவள் கண் சும்மா இருக்குமா? உள்ளே ஒரு டப்பா தெரிந்தது. படகு தேய்க்கும் காம்பவுண்ட், பசை மாதிரி ஒரு பாலிஷ். லாரிக்குப் போடுவதைவிடக் கரகரப்பானது. அது ஏன் கார் கடைக்கு வந்திருக்கிறது என்று அவள் மண்டைக்குள் ஒரு பூச்சி ஊர ஆரம்பித்தது.

எட்டு மணிக்கு ராயபுரத்திலிருந்து செல்வநாதன் தன் சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மறுநாள் அவர் மகள் ஷைனிக்கு நிச்சயதார்த்தம். கார் பளபளக்க வேண்டும் என்றார். வாங்கிப் பத்து வருடம் ஆகிறதாம், ஒரு கீறல் விழுந்ததில்லையாம், தன் கை தவிர வேறு கை ஸ்டியரிங்கைத் தொட்டதில்லையாம். இதை மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் போனார்.

சாலமோன் வேலையைத் தொடங்கினார். மஞ்சள் பேட், நைஸான பாலிஷ். பாகத்துக்கு ஒரு பேட் மாற்றி, பொறுமையாகத் தேய்த்துக்கொண்டே வந்தார். சாபிரா ஒரு வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மதியம் செல்வநாதன் தன் மனைவி எல்சியோடு திரும்பி வந்தபோது, கடைசியாக இடது பின்கதவில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. சாலமோன் மெஷினை நிறுத்திவிட்டு பேட்டைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

பேட் சிவந்திருந்தது. கார் பெயிண்ட் அப்படியே அதில் ஏறியிருந்தது.

"இன்னாய்யா இது? பெயிண்ட உரிச்சுட்டியா?" என்று செல்வநாதன் கத்தினார்.

சாபிரா ஓடி வந்தார். கார் பெயிண்டுக்கு மேலே கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கும். பாலிஷ் அந்தப் பூச்சை மட்டும்தான் தொடும், நிறத்தைத் தொடாது. அதனால் பேட்டில் நிறம் வந்தால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கதவை எப்போதாவது மறுபடி பெயிண்ட் அடித்தீர்களா என்று அவர் கேட்டார். பத்து வருடத்தில் ஒரு தூரிகைகூடப் பட்டதில்லை என்று செல்வநாதன் மார்தட்டினார். அப்படியானால் கரகரப்பான எதையோ போட்டுத் தேய்த்து மேல்பூச்சைத் தின்ன வைத்திருக்க வேண்டும்.

மெஹ்னாஸின் வாய் அவளைக் கேட்காமலேயே திறந்துகொண்டது.

"சாலமோன் அண்ணன் பையில படகு தேய்க்கிற காம்பவுண்ட் கீது. காலைல நானே பாத்தேன்."

எல்லோரும் ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தார்கள். சாலமோனே அதை எடுத்துவந்து டப்பாவை வெளியே வைத்தார். பாதி காலி. அப்பாவின் படகுக்காக வாங்கியது, சாயந்திரம் போய்த் தேய்க்க வைத்திருந்தேன் என்றார். கேட்க யாரும் தயாராக இல்லை. இந்த ஆளை வைத்திருக்கும் கடைக்குத் தன் சர்ச் ஆட்களில் ஒருவர் வண்டியும் வராது என்று செல்வநாதன் சொல்லிவிட்டார்.

சாபிரா மெதுவாகக் கேட்டார். "நெஜமாவே அத்த நீ போடலியா?"

"போடலக்கா." சாலமோன் இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, மெஷின் மேல் வைத்தார். "ஆனா சந்தேகம் வந்துட்ட எடத்துல மெஷின புடிக்க முடியாதுக்கா. நான் வரேன்."

டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

ஒரு பெரிய குற்றத்தைக் கண்டுபிடித்த பெருமை மெஹ்னாஸுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. பிறகு மெஷின் மேல் இருந்த துணியைப் பார்த்தாள். மூலைக்கு மூலை சரியாக மடிக்கப்பட்டிருந்தது.

அம்மா போன் மேல் போன் போட்டார். சாலமோன் எடுக்கவில்லை. செல்வநாதன் எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, யாரோ ஒருவருக்குப் போனில் இந்தக் கதையை விவரித்துக்கொண்டிருந்தார்.

மெஹ்னாஸ் வாளியருகே குந்தினாள். அன்று கழற்றிய பேட்டுகள் அதில் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அழுக்கு வெள்ளைப் பாலிஷ்தான் ஏறியிருந்தது. ஒன்றே ஒன்றுதான் சிவப்பு. சாலமோன் அண்ணன் அந்தக் காம்பவுண்டைப் போட்டிருந்தால் வண்டி முழுக்கப் போட்டிருக்க மாட்டாரா? ஒரு கதவுக்கு மட்டும் எதற்குப் போட வேண்டும்?

அப்போதுதான் ஆட்டோ ஞாபகம் வந்தது. பழைய ஆட்டோக்களுக்குப் பாலிஷ் போட்டால் பேட்டில் எப்போதும் ஆட்டோ பெயிண்ட் ஏறத்தான் செய்யும். அதற்காக எந்த ஆட்டோக்காரரும் சண்டைக்கு வந்ததில்லை. ஆட்டோ பெயிண்டுக்கு மேலே அந்தக் கண்ணாடிப் பூச்சு கிடையாது. நைஸான பாலிஷே நிறத்தை எடுத்துக்கொண்டு வரும். காரில் ஒரு கதவு மட்டும் ஆட்டோ போல நடந்துகொள்கிறது என்றால்?

அவளுடைய சந்தேகம் ஒரு ஆளை விட்டு இன்னொரு ஆள் மேல் போய் உட்கார்ந்தது. எல்சி ஆன்ட்டி மேல்.

யோசித்துப் பார்த்தால், வந்ததிலிருந்தே எல்சி ஆன்ட்டி கோபப்படவில்லை. கார் கெட்டுப்போனவர் கோபப்பட வேண்டாமா? "விடுங்க, போனா போது, வூட்டுக்குப் போலாம்" என்று கணவரையே இழுத்துக்கொண்டிருந்தார். இப்போதும் வெயிலில், நிழல் அத்தனை இருக்க, அந்த இடது பின்கதவின் மேல்தான் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

சும்மா சந்தேகப்பட்டு ஒரு முறை வாயைத் திறந்தது போதும் என்று மெஹ்னாஸ் நினைத்தாள். இந்த முறை முதலில் பார்த்துவிட வேண்டும்.

ஒரு வெள்ளைத் துணியை எடுத்து விரலில் சுற்றினாள். கடையிலேயே மிகவும் மென்மையான மெழுகை, குழந்தைக்குக் கூடப் பூசலாம் என்று அம்மா கேலி செய்யும் மெழுகை, கொஞ்சமாகத் தொட்டாள். கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு சின்னக் குழி இருக்கும். மெஷின் அதற்குள் போகாது. மெஹ்னாஸின் விரல் போகும்.

முன்கதவுக் குழியில் தேய்த்தாள். துணியில் வெறும் தூசி. வலப்பக்கம் போய் இரண்டு கதவிலும் தேய்த்தாள். தூசிதான்.

"ஆன்ட்டி, கொஞ்சம் நகருங்க."

எல்சி நகரத் தயங்கினார். பிறகு நகர்ந்தார். மெஹ்னாஸ் இடது பின்கதவுக் குழியில் விரலை விட்டு இரண்டே சுற்று சுற்றினாள். துணி சிவந்தது.

மெஷின் தொடவே முடியாத இடம். காம்பவுண்ட் போகவே முடியாத இடம். சாலமோன் அண்ணன் மேல் ஒரு துளி தப்பும் இல்லை. இந்தக் கதவு எப்போதோ, யாராலோ, மேல்பூச்சு இல்லாமல் பெயிண்ட் அடிக்கப்பட்டது.

மெஹ்னாஸ் டீக்கடைப் பக்கம் பார்த்தாள். இப்போதே ஓடிப்போய்ச் சொல்லலாம். ரோட்டையே கூட்டிச் சொல்லலாம். ஆனால் எல்சி ஆன்ட்டி சிவந்த துணியைத் தன் புடவைத் தலைப்பால் மூடி மறைத்தார். அதைப் பார்த்த பிறகு ஓட முடியவில்லை.

"நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல ஆன்ட்டி," என்றாள் குரலைத் தாழ்த்தி.

எல்சி பெருமூச்சு விட்டார். லைசென்ஸ் எடுத்துப் பதினோரு வருடம் ஆகிறதாம். சாவி மட்டும் வீட்டுக்காரர் தரமாட்டாராம். நாலு வருடத்துக்கு முன்னால் அவர் வேளாங்கண்ணிக்குப் போயிருந்த நேரம், ஆசையாக இருந்ததாம். காரை எடுத்தாராம். வாசல் கேட் தூணில் இடித்தாராம். தெருமுனைப் பெயிண்டர் ஒருவர் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தாராம். அன்றிலிருந்து கார் கழுவும் ஒவ்வொரு முறையும் இவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம்.

"அவருக்குத் தெரிஞ்சா அவ்ளோதாம்மா," என்றார்.

மெஹ்னாஸுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் மடித்து வைத்த துணி அங்கேயே இருந்தது.

"சாலமோன் அண்ணனுக்கு வேல போச்சு ஆன்ட்டி. உங்களால மட்டும் இல்ல. நான்தான் பாக்காம சொன்னேன். எனக்கும் அம்மாகிட்ட சொல்ல பயமாத்தான் கீது." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு பேரும் சேந்து போலாமா? என்னுத நான் மொதல்ல சொல்றேன். உங்களுத நீங்க அப்புறம் சொல்லுங்க."

எல்சி அவளையே பார்த்தார். அப்புறம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று சொல்வது கஷ்டம்.

சாபிராவும் டீக்கடையிலிருந்து திரும்பிய செல்வநாதனும் வந்து நின்றார்கள். மெஹ்னாஸ் துணியைக் காட்டி, சாலமோன் மேல் தான் சொன்னது தப்பு என்றாள். சாபிரா அவளைப் பார்த்த பார்வைக்கு ஓர் அடியே தேவலாம் போலிருந்தது. அடுத்து எல்சி சொன்னார். தூண், வேளாங்கண்ணி, பெயிண்டர், எல்லாம் ஒரே மூச்சில்.

செல்வநாதன் கதவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி கதவைப் பார்த்தார்.

"ரிவர்ஸ்லயா?" என்று கேட்டார்.

"ரிவர்ஸ்லதான்."

"கண்ணாடியப் பாக்கலியா?"

"பாத்தேன். பாத்துக்கினேதான் இடிச்சேன்."

செல்வநாதன் சிரிப்பை அடக்கப் பார்த்தார். மீசை அடங்கவில்லை. ஆனால் அடுத்த நொடி அவர் முகம் தொங்கிப்போனது. ஒரு தப்பும் செய்யாத மனுஷனை ரோட்டில் வைத்துக் கத்திவிட்டேனே என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். நேரில் போய்க் கூப்பிட வேண்டும் என்று அவரே சொன்னார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தவர், கொஞ்சம் நின்று, அதை எல்சியிடம் நீட்டினார்.

சாபிரா ஷட்டரைப் பாதி இறக்கினார். நான்கு பேரும் ஏறினார்கள். எண்ணூர் போய்ச் சேரும்வரை செல்வநாதன் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

சாலமோன் கரையில், கவிழ்த்துப் போட்ட படகின் அடியில் காம்பவுண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கிட்டே வரவில்லை.

மெஹ்னாஸ்தான் முதலில் இறங்கினாள். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் பாதி காணாமல் போயிருந்தது.

"ண்ணா, அந்தக் கதவு ஏற்கெனவே பெயிண்ட் அடிச்சது. நீ நல்லாத்தான் செஞ்ச. நான் பாக்காம சொல்லிட்டேன். மன்னிச்சிருண்ணா."

சாலமோன் குனிந்து காம்பவுண்ட் டப்பாவின் மூடியை எடுத்து மூடினார். செல்வநாதனும் கையைக் கூப்பி ஏதோ சொன்னார். சாலமோன் மூடியை இன்னும் இறுக்கினார். இனி இவர் வரவே மாட்டார் என்று மெஹ்னாஸ் நினைத்துக்கொண்டாள்.

சாலமோனின் கண் மெல்லக் காரின் பக்கம் போனது. வந்த வழியில் அனல்மின் நிலையச் சாம்பல் பானெட் முழுக்க மாவு சலித்த மாதிரி படிந்திருந்தது. அவர் பார்ப்பதைக் கண்ட செல்வநாதன், துடைத்துவிடலாம் என்று அவசரமாகக் கைக்குட்டையை எடுத்தார்.

"துடைக்காதீங்க!" என்று சாலமோனும் மெஹ்னாஸும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

காய்ந்த சாம்பலைத் துடைப்பதும் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதும் ஒன்றுதான். செல்வநாதன் கைக்குட்டையோடு அப்படியே சிலையாக நின்றார்.

"மெழுகே இன்னும் போடல," என்றார் சாலமோன், சாபிராவைப் பார்த்துக் கோபமாக. "இந்த ரோட்ல போயி அத எடுத்தாந்துகீறீங்களேக்கா. நாளைக்கு நிச்சயதார்த்தம் வேற. மொதல்ல தண்ணி அடிக்கணும். அப்புறம் மெழுகு. அந்தக் கதவுக்கு மெஷின் வேணாம், கையாலதான் போடணும். ரெண்டு மணி நேரம் ஆவும்."

"ஆவட்டும்பா," என்றார் சாபிரா.

சாலமோன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, முகத்தை இன்னும் உர்ரென்று வைத்தபடியே, பின்சீட்டுக் கதவைத் திறந்தார்.

மெஹ்னாஸ் முந்திக்கொண்டு ஏறி நடுவில் நகர்ந்து, ஜன்னல் ஓரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். அவள் பிறந்ததிலிருந்து யாருக்குமே விட்டுக்கொடுக்காத இடம் அது.