மோதலுக்கு முன் எழுந்த கை

கார் சுவரில் மோதுவதற்கு முன்பே பொம்மை கையைத் தூக்கியது.

அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையில் அதை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். விபத்தில் எந்த எலும்பு எப்படி முறியும் என்று கணினியில் கண்டுபிடிப்பது அவள் வேலை. திரைக்குள் இருக்கும் அந்த உடம்புக்கு எலும்பு, சதை, தோல் எல்லாம் உண்டு. தானாக அசையும் சக்தி மட்டும் கிடையாது. இடித்தால்தான் அசையும். ஆனாலும் ஒரு கை ஸ்டியரிங்கை விட்டு மெல்ல எழுந்து விரிந்தது. தலை, காலியாக இருந்த பக்கத்து இருக்கையை நோக்கித் திரும்பியது. திரும்பி முடிந்ததும் சுவர் வந்தது. கழுத்து முறிந்தது.

அந்த உடம்புக்கு அளவெடுக்க ஆள் கிடைக்காமல் தங்கையைத்தான் கெஞ்சிக் கூட்டிவந்து ஸ்கேனில் படுக்கவைத்திருந்தாள். பொம்மைக்கு முகம் இல்லை. ஆனால் சிறுவயதில் கதவிடுக்கில் நசுங்கிய தங்கையின் கோணல் சுண்டுவிரல் அப்படியே இருந்தது.

"கணக்குல ஏதோ பிசகு மேடம்," என்றார் பக்கத்து மேசை இன்ஜினியர். "ஒழுங்காத் தூங்கி எத்தன நாளாச்சு? வீட்டுக்குப் போங்க. பொம்மை எங்கயும் ஓடிடாது."

கணினிகளின் ஓயாத இரைச்சலும் சூடேறிய தூசியின் வாடையும் படிக்கட்டு வரை அவளைப் பின்தொடர்ந்தன. வாசலில் தங்கை காரோடு காத்திருந்தாள்.

"நடந்தே போலாம்டி."

"அவ்ளோ தூரமா? உன் மூஞ்சியப் பாத்தா தெருமுனை கூடத் தாண்ட மாட்ட. ஏறுக்கா."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். கால்கள் கெஞ்சின. ஏறிவிட்டாள்.

தூறல். வைப்பர் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து முனகியது. ஈர இருக்கையின் வாசனை. அக்காவின் பார்வை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளை விட்டு நகரவில்லை.

"மெதுவாப் போடி."

"இதுக்கு மேல மெதுவாப் போனா சைக்கிள்காரன் சிரிப்பான்."

அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. கண்கள் செருகின. வெறும் பிசகுதான்.

வைப்பர் சத்தம். மறுபடி வைப்பர் சத்தம்.

கண்ணைத் திறந்தாள்.

தங்கையின் கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்துகொண்டிருந்தது.

"ஏண்டி கையத் தூக்குற?"

"நான் தூக்கலக்கா."

விரிந்த உள்ளங்கை. கோணல் சுண்டுவிரல்.

தலை மெல்ல அவள் பக்கம் திரும்பத் தொடங்கியது.

முன்னால் சாலை இன்னும் காலியாகத்தான் இருந்தது.