போறேன்டா

“சரி, போறேன்டா” என்றான் கணேசமூர்த்தி.

வீரமுத்துவுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. நியாலாஸ் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் அடுத்தடுத்த நிரையில் பால் வெட்டிய கூட்டாளி. கக்கூசுக்குப் போனால்கூட “வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறவன்.

“தேத்தண்ணி வாங்கத்தானே? வர்றேன்னு சொல்லுடா, சனியனே!”

“சரி, போறேன்.” முன்பல் விழுந்த ஓட்டையில் ‘ச’ விசிலடித்தது. போய்விட்டான்.

கடலோரத்தில், வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் மாதிரி கட்டிய கட்டடம் அது. வட்டச் சன்னல், மொட்டைக் கூரை, வளைந்து ஏறும் படிக்கட்டு. இப்போது கலை மையம். இங்கே ஏழு வருடமாகக் கணேசமூர்த்திக்கு ஜாகா வேலை, காவல்; ஒரு தீபாவளிக்கும் தோட்டத்துப் பக்கம் வந்ததில்லை. “பழைய தோட்டத்துப் படமெல்லாம் மாட்டியிருக்கு, வாடா” என்று போன் போட்டு அழைத்தவன் அவன்தான். “நானே எழுதறேன்” என்று வருகைப் புத்தகத்தைப் பிடுங்கியவனும் அவன்தான்.

வீரமுத்து படங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தான். உப்புக் காற்றோடு, எங்கிருந்தோ ரப்பர் ஷீட்டின் புளிச்ச வாடையும் கலந்து வந்தது. கடல், சன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்க, அலைச் சத்தம் மட்டும் இந்தப் பக்கத்துச் சுவருக்குள்ளிருந்து, வயிற்றுக் கடமுடா மாதிரி, விட்டு விட்டுக் கேட்டது.

வெயில் சாய்ந்தது. தேத்தண்ணி வரவில்லை. வீட்டில் மனைவி சுப்பம்மா தனியாக இருந்தாள். கண் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். இரண்டு கண்ணிலும் கட்டு. ஆறு மணிக்கு மருந்து ஊற்ற வேண்டும். காலையில் அவளிடம் “வர்றேன்” என்று சொல்லித்தான் கிளம்பியிருந்தான்.

வாசல் மேசையில் வருகைப் புத்தகத்தோடு இருந்த வரவேற்புப் பெண் தேவிஸ்ரீயிடம், “வர்றேம்மா” என்று சொல்லிக் கதவைத் தள்ளினான்.

அதே கூடம். அதே மேசை.

“வாங்க அங்கிள்” என்றாள் தேவிஸ்ரீ.

“வெளியதானேம்மா போனேன்?”

“வர்றேன்னுதானே சொன்னீங்க? அதான் வந்துட்டீங்க.”

மறுபடி போனான். பழக்கதோஷம், வாய் தானாகச் சொன்னது: “வர்றேன்.”

அதே கூடம். புளிச்ச வாடை. பக்கத்தில்.

கணேசமூர்த்தி ஏன் தோட்டத்துப் பக்கமே வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஏழு வருடம். எத்தனை ‘வர்றேன்’.

நாக்கு கூசியது. உயிரோடு இருக்கிறவன் சொல்கிற சொல்லா? சொன்னான்.

“போறேன்.”

கதவு அசையவில்லை.

“யாரு போறது?” தேவிஸ்ரீ புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். வெளியேறியவர்: வீரமுத்து. கணேசமூர்த்தியின் கோணல் எழுத்து. “அந்த அங்கிள் அப்பவே போயிட்டாரே. நீங்க போய் லைட்டப் போடுங்க, கணேசமூர்த்தி அங்கிள்.”

மேசைப் போனை எடுத்தான். வீட்டு எண்ணை அழுத்தினான். மணி ஆறேகால்.

“சுப்பு...”

‘ச’ விசிலடித்தது.

நாக்கு முன்பல்லைத் தேடியது. ஓட்டை.

“யாரு, கணேசமூர்த்தியண்ணனா?” சுப்பம்மா சிரித்தாள். “விசிலக் கேட்டாலே தெரியுதே! அவரு இப்பதான்ணே வந்தாரு. கண்ணுக்கு மருந்து ஊத்த கட்ட அவுக்கிறாரு. இருங்க, குடுக்கறேன்.”

“சுப்பு, வேணாம்... அது...”

போன் கை மாறியது. மூச்சு. பிறகு வீரமுத்துவின் சொந்தக் குரல், ஒரு பிசிறில்லாமல்:

“சொல்லுடா, கணேசு.”

பின்னால் சுப்பம்மா கேட்டாள்: “கண்ணத் தொறக்கட்டுமாங்க?”

“வேணாம் சுப்பு. மூடியே இரு.”