குட்டை விரல் தடம்

சூளை வாயை அடைத்திருந்த செங்கற்களை அன்று காலையில் கென்சோ பிரித்தான். என் கணவரின் அண்ணன். 'பிரித்தார்' என்றுதான் எழுத வேண்டும், எனக்கு மனசு வரவில்லை. ஆறு நாள் ஆறிய சூளை. ஆனாலும் சாம்பல் வாடையோடு கருகிய கொழுப்பின் வாடையும் வந்தது.

என் கணவர் செய்கிச்சிக்கு வலது ஆள்காட்டி விரல் பாதிதான். சுடுவதற்கு முன் மண் கிண்ணத்தைப் பூச்சுக் குழம்பில் முக்கும்போது அடியில் விழும் விரல் தடங்களில் ஒன்று குட்டையாக இருக்கும். எங்கள் ஊரான ஹாகியின் தேநீர்ச் சடங்குக்காரர்கள் அந்தத் தடத்துக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். கென்சோவுக்கு வயிறு எரிந்தது. இந்த முறை எல்லாவற்றையும் அவனே முக்கினான். சூளை மூட்டிய அன்று அண்ணன் தம்பிக்குள் கைகலப்பு. அதன்பின் கணவரைக் காணோம்.

"ஒசாகாவுக்கு ஓடிட்டான். வருவான், போ," என்றான் கென்சோ. அன்றிலிருந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் கிண்ணத்தை வாங்கிய தேநீர் ஆசிரியை குசுமி அம்மா, வழக்கப்படி கவிழ்த்து அடியைப் பார்த்தார்.

"செய்கிச்சி கைதானே இது? நீ முக்கினதா சொன்னியே."

நான்கு தடம். ஒன்று குட்டை.

அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

தேறாத கிண்ணங்களை உடைக்கும் சுத்தியலை எடுத்து எல்லாவற்றையும் நொறுக்கினான் கென்சோ. சில்லு தெறித்துக் குசுமி அம்மாவின் கன்னம் கிழிந்தது. மிச்சத்தை உடைக்கச் சூளைக்குள் தவழ்ந்தான்.

சுத்தியல் சத்தம் நின்றது. உள்ளிருந்து கென்சோவின் குரல் மட்டும் கேட்டது.

"உன்னைத்தான் இதுக்குள்ளே போட்டு எரிச்சுட்டேனே. எப்படிடா வந்தே?"

பிறகு சதை பொரியும் சத்தம்.

அவன் கை வெளியே நீண்டு என் மணிக்கட்டைப் பிடித்தது. "ஃபுஜினோ... இழும்மா."

அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சுண்டு விரல் ஒடிந்தது. குசுமி அம்மா பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

பிறகு பிணத்தை வெளியே இழுத்துப் போட்டபோது, அவன் கழுத்தில் எலும்பு தெரிய நான்கு தடம் வெந்திருந்தது. ஒன்று குட்டை.

இப்போது கிண்ணங்களை நான்தான் முக்குகிறேன். வெந்து வந்தால் அடியில் என் தடம் இருப்பதில்லை, என் கணவருடையதுதான். தடவிப் பார்த்து அழுதுகொள்வேன்.

ஆனால் ஒவ்வொரு சூளையிலும் ஒரே ஒரு கிண்ணத்தில் ஐந்து முழு விரல்கள், சுண்டு விரல் கோணலாக, அடியிலிருந்து மேலே ஏறுகின்றன. உடைத்துப் போடுகிறேன். அடுத்த சூளையில் இன்னும் கொஞ்சம் மேலே.

நேற்றுப் பிரித்ததில், அவை விளிம்பைப் பிடித்துவிட்டன.