செருமாமல் திரும்பிய கேமரா

கூடத்துச் சுவரில் இருந்த கேமரா அன்று செருமாமலே திரும்பியது. துபாயிலிருந்து சுல்தான் எப்போது எட்டிப் பார்த்தாலும் முதலில் அதன் ஸ்பீக்கர் வழியாகத் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் அதைத் திருப்புவான். அவனோடு அறையில் இருப்பவர்கள் பார்வையில் படும் முன் முக்காடு போட்டுக்கொள்ள நேரம் வேண்டும் என்று நர்கிஸ் சண்டை போட்டு வாங்கிய சலுகை அது.

வெள்ளிக்கிழமை மதியம். பந்தல்குடியின் அந்தத் தெருவில் ஆண்கள் எல்லாரும் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்கள். தூத்துக்குடி ரோட்டு லாரி இரைச்சலும், வேலிக்கருவை முள் வெயிலில் காயும் வாடையும், கேமரா திரும்பும்போது எழும் சின்னக் ‘கிர்ர்’ சத்தமும் தவிர வேறொன்றும் வீட்டுக்குள் இல்லை. அவள் அடுப்படிக்குப் போனால் அது அந்தப் பக்கம் திரும்பியது. தொட்டில் கட்டிய அறைக்குப் போனால் அந்தப் பக்கம்.

மூன்று நாளாகச் சுல்தான் பேசவில்லை. கடைசியாகப் போட்ட சண்டையின் வீம்பு என்றுதான் நினைத்தாள். பேச மாட்டான், ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பான். நல்ல புருஷன்! வீட்டில் ஒரு கண்ணை மாட்டிவிட்டால் குடும்பம் நடத்திவிட்டதாக நினைப்பு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதை அதைப் பார்த்தே சொன்னாள்.

“மாமி மல்லாங்கிணறு போயிருக்காக மச்சான், மௌத்து வீட்டுக்குத் துக்கம் கேக்க. பொழுதடஞ்சுதான் வருவாக. கிரில்லுச் சாவிய வாசல் வாளிக்கு அடியில வச்சிருக்கேன், அவுகளே தெறந்துக்கிருவாக. நான் புள்ளயோட ஒத்தையில கெடக்கேன். இப்பவாவது வாயத் தெறங்க.”

கேமரா மேலும் கீழும் அசைந்தது. தலையாட்டுகிறான் என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“நர்கிசு, நாந்தேன். இது ரூம்ல கூட இருக்குற இர்பான் போனு. என் போனு ஒடஞ்சு மூணு நாளாச்சு. கோவமா இருக்கியா?”

ஈரக் கையிலிருந்து தட்டு நழுவியது.

“அப்ப காலையிலருந்து கேமராவுல பாக்குறது நீங்க இல்லையா?”

 

“நான் எங்க பாத்தேன்? அத மாட்டுனவன் போட்ட பாஸ்வேர்ட நம்ம இன்னும் மாத்தவே இல்லையே… கதவப் பூட்டு புள்ள. மொதல்ல கதவப் பூட்டு.”

போனோடு ஓடினாள்.

கிரில் திறந்து கிடந்தது. வாசலில் வாளி கவிழ்ந்திருந்தது. தண்ணீர் படி வரைக்கும் ஓடியிருந்தது. படியில் ஈரக் காலடி. கூடத்தில் இன்னொன்று. வெளியே போன காலடி ஒன்றும் இல்லை.

“பூட்டிட்டியா? நர்கிசு, பூட்டிட்டியா?”

நிமிர்ந்து பார்த்தாள். கேமரா அவளைப் பார்க்கவில்லை. அறைப் பக்கம் திரும்பியிருந்தது. பிள்ளைக்குக் காற்று வரட்டும் என்று அவள் திறந்து வைத்த அறைக்கதவு.

சாத்தியிருந்தது.

உள்ளே தொட்டில் கயிறு கிறீச்சிட்டது. நிதானமாக. யாரோ ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கதவில் கை வைத்தாள். தொட்டில் நின்றது. உள்ளே, அச்சு அசலாகச் சுல்தானைப் போலவே, யாரோ தொண்டையைச் செருமினார்கள்.