வெளியே நிற்பவள்

காலையில் பிடித்த மழை மத்தியானமாகியும் விடவில்லை. வழக்கம்போல நான்தான் முதலில் வந்து வகுப்பைத் திறந்தேன். பழைய கட்டடத்தின் மாடி அது. கீழே இருந்த அச்சகத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். ஆனாலும் படியேறும்போதே மை வாசனையும் ஈரச் சுவரின் வாசனையும் மூக்கில் ஏறும். படி முடிந்ததும் நீளமாக ஒரு நடை. அதற்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் கோடியில். பட்டப்பகலிலேயே விளக்குப் போட்டால்தான் பூட்டு கண்ணுக்குத் தெரியும்.

என் வேலை கதை சொல்வது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிற சில குடும்பங்கள், வாரம் ஒருமுறை அவர்களை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். கணக்கு, அறிவியல் எல்லாம் அம்மா அப்பா பொறுப்பு. உலகத்து மக்கள் எப்படி வாழ்கிறார்கள், எதைக் கும்பிடுகிறார்கள், எதைக் கண்டு நடுங்குகிறார்கள் என்பதெல்லாம் என் பொறுப்பு. புராணம், தேவதைக் கதை, பேய்க் கதை அத்தனையும் அதில் சேர்த்தி. வாயால் மட்டும் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். அதனால் நடிக்க வைப்பேன்.

அதற்கு ஒரு விதி உண்டு. வேஷம் போட்டவர் யாராக இருந்தாலும் கடைசியில் கதவுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி "உள்ளே வா" என்று கூப்பிட வேண்டும். வந்துவிட்டால் வேஷம் கலைந்தது. இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. ஓநாயாக நடித்த ஒருவன் வீட்டுக்குப் போய்த் தங்கையைக் கடித்து வைத்துவிட்டான். அவன் அம்மா வந்து என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். அதற்குப் பிறகு நானாகச் செய்துகொண்ட ஏற்பாடு இது.

அன்றைக்குப் பனி விழும் தேசத்துக் கதை ஒன்றைச் சொன்னேன். அதில் ஒருத்தி வருவாள். அவளுக்கென்று முகம் கிடையாது. வீட்டை விட்டு வெளியே போனவரின் முகத்தை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள். தானாக உள்ளே நுழைய அவளால் முடியாது. யாராவது "வா" என்று சொல்லிவிட்டால் போதும். அவள் உள்ளே வந்துவிடுவாள். நிஜமானவர் வெளியே மாட்டிக்கொள்வார். யார் கண்ணுக்கும் தெரியாமல் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார். உள்ளே இருக்கிற ஒருவர் பெயர் சொல்லி அழைத்தால்தான் அவருக்கு விடுதலை. ஆனால் தட்டுவது அவரா அவளா என்று உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

"நான்தான் அவ!" என்று கையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள் வாலு.

வாலு என் அக்கா மகள். அந்தப் பட்டப்பெயரை நான்தான் வைத்தேன், அதற்கு முழுத் தகுதி உள்ளவள். சொன்ன பேச்சை அவள் ஒருமுறை கேட்டுவிட்டால் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்போம். "வீட்டுலயே வச்சிருந்தா இது அடங்காது, பள்ளிக்கூடத்துல போடு" என்று அத்தான் முணுமுணுப்பதும், அக்கா விடாப்பிடியாக மறுப்பதும் அந்த வீட்டில் ஓயாத சண்டை. எனக்குப் பிள்ளை இல்லை. அந்த வாலுதான் எனக்கு உயிர்.

அவள் வெளியே போனாள். கதவைச் சாத்தினோம்.

"அம்மா, நான்தான், திறங்க" என்று தட்டினாள். "மாட்டோம், மாட்டோம்" என்று உள்ளே ஒரே கும்மாளம். அப்போது பார்த்து மின்சாரம் போனது. சுவரில் மாட்டியிருந்த அட்டை முகமூடிகள் இருட்டில் கரைந்தன. பிள்ளைகள் என்னை ஒட்டிக்கொண்டார்கள்.

"குளிருது" என்றது வெளியிலிருந்து குரல்.

நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் படியில் செருப்புச் சத்தம். அக்கா. வாலுவுக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது, நான் மறந்தே போயிருந்தேன்.

"ஏய், இங்க என்ன பண்ற? நேரமாச்சு, வா வா!" என்று அவள் அதட்டுவது கேட்டது. "அக்கா, இரு, பேர் சொல்லிக் கூப்பிடணும்" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தேன். நடையில் யாரும் இல்லை. கீழே வண்டி கிளம்பிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடாதது ஒரு தடவைதானே, என்ன குடி முழுகிப்போகும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அக்கா போன் செய்தாள். குரலில் அப்படியொரு குதூகலம். "என்னடி மந்திரம் போட்ட? தட்டுல வச்சதை மிச்சம் வைக்காம சாப்பிடுறா. சத்தமே இல்ல. உங்க அத்தான் வாயடைச்சுப் போயிட்டார்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. சாயங்காலமே கிளம்பிப் போனேன்.

கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். வாலு தன் அறையிலிருந்து வந்தாள். வந்தவள் கூடத்து நிலைப்படியில் அப்படியே நின்றாள். கைகள் இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு, சிரித்தபடி. "உள்ள வாம்மா" என்றாள் அக்கா. அதன் பிறகுதான் அவள் காலை எடுத்து வைத்தாள்.

"பாத்தியா? நேத்துலேருந்து இப்படித்தான். கூப்பிடாம எங்கயும் நுழையறதில்ல. புதுசா ஒரு மரியாதை" என்றாள் அக்கா, பூரித்துப்போய்.

"வாலு" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்பதைப்போல என் பின்பக்கச் சுவரைப் பார்த்தாள். பக்கத்தில் வந்தபோது அவள் மேல் சோப்பு வாசனையோ பிள்ளை வாசனையோ இல்லை. ஈரச் சுவரின் வாசனை அடித்தது.

நான் பயந்தேன். மறைக்க ஒன்றுமில்லை, அந்த வீட்டை விட்டு ஓடிவிட வேண்டும்போல இருந்தது.

சமையலறைக்கு அக்காவை இழுத்துக்கொண்டு போய், "இது அவ இல்லக்கா" என்றேன். அவள் முகம் சிவந்தது. "வாய்க்கு வந்ததைப் பேசாதடி. இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் இந்த வீட்டுல சண்டை இல்லாம இருக்கு. கதை சொல்லிச் சொல்லி உனக்கே மூளை குழம்பிப்போச்சு."

நான் திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். சிரித்தபடி, காத்துக்கொண்டு.

மறுவாரம் வகுப்பு வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த நாள் வந்ததும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். மழை நின்றிருந்தது. கூரையிலிருந்து எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. மேகம் கவிந்து அறை முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடந்தது.

தட்டும் சத்தம் கேட்டது.

கதவின் கீழ்ப்பாதியில். ஒரு குழந்தையின் கை எட்டுகிற உயரத்தில்.

"சித்தி."

எழுந்து கதவருகே போனேன்.

"சித்தி, ஆட்டம் முடிஞ்சுதா? கால் வலிக்குது."

அவளுடைய குரல்தான். ஆனால் கதையில் வருகிறவளும் இப்படித்தானே கெஞ்சுவாள்? தவறாகக் கூப்பிட்டுவிட்டால் குழந்தையை ஒரேயடியாகத் தொலைத்துவிடுவேன். கூப்பிடாவிட்டால் அவள் இந்த இருட்டு நடையிலேயே நிற்பாள், நான் செத்த பிறகும். கதவில் காதை வைத்துக்கொண்டு அழுதேன்.

"நீ யாரு?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பேரை நான் சொல்லக் கூடாதுல்ல? நீங்கதானே சொல்லணும்?"

தாழ்ப்பாள்வரை போன கையை இழுத்துக்கொண்டேன். வெளியே ஒரு பெருமூச்சு.

"ஏமாத்துறீங்க சித்தி. இவ்வளவு நேரமெல்லாம் ஆட்டத்துலயே கிடையாது. அழுகுணி ஆட்டம். இனிமே உங்க வகுப்புக்கே வர மாட்டேன், போங்க!"

சொல்லிவிட்டுக் கதவை ஓங்கி ஓர் உதை விட்டாள்.

அந்த உதைதான் எனக்கு வழி காட்டியது. அக்கா வீட்டில் இருப்பது எதையும் உதைக்காது. காத்துக்கொண்டு நிற்கும், சிரிக்கும். உதைக்கிறவள் எங்கள் வாலு ஒருத்திதான். தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தேன்.

நடை வெறிச்சோடிக் கிடந்தது.

ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு, ஒரு காலை வெளியே வைத்துக் கைகளால் காற்றைத் துழாவினேன். அவள் பெயரை முழுதாகச் சொன்னேன். "உள்ளே வாடி, என் கண்ணே" என்றேன்.

ஏதோ ஒன்று என் இடுப்பை இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. நிலைதடுமாறி நடையில் போய் விழுந்தேன். எழுந்து பார்த்தால், அறைக்குள்ளே வாலு! கலைந்த தலை, அழுக்குச் சட்டை, உர்ரென்ற முகம். நான் வெளியே நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க சித்தி" என்றாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

போன் அடித்தது. அக்கா அலறினாள். "இவளைக் காணோம்டி! எதிர்லதான் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. தண்ணி எடுத்துட்டுத் திரும்புறேன், ஆளைக் காணோம். கதவெல்லாம் சாத்தியே இருக்கு!"

"இங்க இருக்காக்கா. நம்ம வாலு இங்க இருக்கா. உடனே கிளம்பி வந்துடு."

அக்கா வந்தாள். யாரும் கூப்பிடக் காத்திருக்கவில்லை, புயல்போல நுழைந்தாள். வாலுவின் முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு அவளை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். "பசிக்குதும்மா, சித்தி என்னை வெளியிலயே நிக்க வச்சிட்டாங்க" என்று வாலு என்னைப் போட்டுக் கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று பேரும் தரையில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை.

தட்டும் சத்தம் கேட்டது.

இந்த முறை கதவின் மேல்பாதியில்.

"அக்கா" என்றது ஒரு குரல்.

என் குரல்.

"அக்கா, நான் வெளியில நிக்கிறேன். வாலு இடிச்சதுல நடையில விழுந்துட்டேன். அப்புறம் உள்ள வர முடியல. உன் பக்கத்துல இருக்கிறது நான் இல்ல. என் பேரைச் சொல்லிக் கூப்பிடுக்கா."

அக்கா மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொய்க்கா" என்றேன். "நான்தான் இது. எனக்குத் தெரியாதா நான் யாருன்னு?" சின்ன வயதில் நாங்கள் சேர்ந்து செய்த விஷமங்களையெல்லாம் மளமளவென்று ஒப்பித்தேன். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கதவுக்கு வெளியே இருந்த குரலும் அதே வார்த்தைகளைச் சொல்லி அழுதது. எனக்கு முன்பாகவே சொல்லி முடித்தது.

வாலு என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள்.

"அம்மா" என்று கிசுகிசுத்தாள். "சித்தி வெளியில நின்னுக்கிட்டே இருந்தாங்க. நான்தான் உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன்."

அக்கா அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னை விட்டுத் தள்ளிப் போனாள். பிறகு, என்னிடமிருந்து கண்ணை எடுக்காமலே, கதவைப் பார்த்து என் பெயரைச் சொன்னாள்.