முதற்கவளம்

ராஜா, ஆட்டிறைச்சிக் குழம்பில் கன்னம் பதித்தபடி இறந்துகிடந்தார்!

இத்தகைய காட்சியைக் கண்டால் அலறுவது வழக்கம்.

கத்தரின் அலறவில்லை.

சிலுவை போட்டாள். 911ஐ அழைத்தாள். ராஜாவின் முகத்தைத் துடைத்து, கண்களை மூடிவிட்டாள். அதன் பிறகு...

பாத்திரம் கழுவினாள்!

மன்னாரில் பிறந்தவளுக்கு அது இயல்பு. செத்தவீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். வீடு துப்புரவாக இருக்க வேண்டும்.

ஆட்கள் வந்தார்கள். முதலில் ஆம்புலன்ஸ். அடுத்துப் பொலிஸ்.

மறுநாட் காலை, மருத்துவரின் அறிக்கையும் வந்தது. ராஜாவின் வயிற்றில் இதய மாத்திரை. ஒன்றிரண்டு அல்ல... ஒரு குதிரையைச் சாய்க்கும் அளவு!

அன்று மதியத்திற்குள் கத்தரின் விசாரணை அறையில் இருந்தாள்.

எதிரே, டிடெக்டிவ் துஷாந்தினி. மொன்றியலில் பிறந்தவள். பிரெஞ்சில் அறிக்கை எழுதுவாள். யாழ்ப்பாணத்துத் தமிழில் அனுதாபப்படுவாள்.

“தண்ணி குடிக்கிறியளோ, அன்ரி?”

“அன்ரி எண்டு கூப்பிட்டுக்கொண்டே கொலைக் கேஸ் போடுறியே, பிள்ளை?”

“இன்னும் போடேல்ல.”

“ஆ... தண்ணி குடிச்சாப் பிறகோ?”

துஷாந்தினி சிரிக்க விரும்பினாள். கமெரா ஓடிக்கொண்டிருந்தது. சிரிக்கவில்லை.

“ராஜா வீட்டில உங்களுக்கு என்ன வேலை?”

“சமையல். துப்புரவு. பேந்து... முதல் வாய் தின்னுறது.”

“என்னது?”

கத்தரின் பெருமூச்சு விட்டாள்.

இமயமலைச் சரிவில் தேவ்தார்கோட் என்றொரு சிற்றரசு இருந்தது. ஒரு கோட்டை. சில மலைக்கிராமங்கள். ரணசூர் என்னும் ஒரே வம்சம். வெளிப் பகைவர் எவரும் அந்தக் கோட்டையைப் பிடித்ததில்லை. அவசியமும் ஏற்படவில்லை. உள்ளிருந்தவர்களே ஒருவரையொருவர் முடித்துக்கொண்டிருந்தார்கள்!

ஆகவே ஒரு சடங்கு. அரசர் உண்ணுமுன், வம்சத்தைச் சேராத ஒருவர் அதே தட்டிலிருந்து முதற்கவளத்தை உண்ண வேண்டும்.

சுதந்திர இந்தியா சிற்றரசைச் சேர்த்துக்கொண்டது. பட்டம் பறிபோனது. கோட்டைக் கூரை ஒழுகியது. கடைசி ராஜா உதய் ரணசூர், மொன்றியலின் இல்-பிசார் தீவில் தனி வீடு வாங்கிக் குடியேறினார். மனைவி இல்லை. மக்கள் இல்லை. பகைவரும் இல்லை.

சடங்கு மட்டும் இருந்தது!

“ஹோல் முழுக்கப் படம், பிள்ளை. தூசு தட்டப் போனால் கதை சொல்லத் தொடங்கிடுவார். இவரைத் தம்பி நஞ்சு வைச்சது... இவரை ரெண்டாம் பெண்சாதி... இவரை மந்திரி...”

“ஒருத்தரும் சும்மா சாகேல்லையோ?”

“ரெண்டு பேர். ஒருத்தர் காய்ச்சல். மற்றவர் வயது போய். அந்த ரெண்டு படமும் கக்கூசுக்குப் போற வழியில.”

துஷாந்தினி குறிப்பெடுப்பதை நிறுத்தினாள்.

“அன்ரி... நேற்று முதல் வாய் தின்னனீங்களோ?”

கத்தரின் மேசையிலிருந்த தூசியை விரலால் துடைத்தாள்.

“முதல் வந்த பொலிசுக்கு ‘ஓம்’ எண்டு சொல்லியிருக்கிறியள்.”

“சொன்னனான்.”

“வடிவா யோசியுங்கோ. உங்கட ரத்தத்தில ஒண்டும் இல்லை. அவர் செத்துப்போனார். அப்ப நீங்கள் தின்னேக்க குழம்பில நஞ்சு இல்லை. அதுக்குப் பிறகுதான் ஆரோ கலந்திருக்க வேணும். வீட்டில உங்களையும் அவரையும் தவிர வேற ஆர் இருந்தது?”

கத்தரினின் உதடுகள் அசைந்தன.

“ஒருத்தரும் இல்லை...”

தன் கழுத்தைச் சுற்றித் தானே கயிறு கட்டியிருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது!

“பிள்ளை! நான் தின்னேல்ல!”

“என்ன?”

“இயேசு செத்த பெரிய வெள்ளியில இறைச்சியை வாயில வைப்பனோ? எடுத்தனான். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனனான். பேந்து ஏப்ரன் பொக்கற்றுக்குள்ள போட்டிட்டன்.”

“ஏப்ரன் எங்க?”

“தோய்ச்சுப்போட்டன்.”

“குழம்பு?”

“ஊத்திப்போட்டன்.”

“சட்டி?”

“தேய்ச்சுப்போட்டன்.”

“மேசை?”

“அது... ரெண்டு தரம்.”

துஷாந்தினி கண்களை மூடிக்கொண்டாள். ஒரு நிரபராதி இவ்வளவு சிரத்தையாகத் தடயங்களை அழித்து அவள் பார்த்ததில்லை.

“பொலிசுக்கு ஏன் பொய் சொன்னனீங்கள்?”

“செய்தி கேட்டு ஓடிவந்த அவற்ற பெறாமகன் பக்கத்தில நிண்டவர். முதல் வாய் தின்னேல்ல எண்டு தெரிஞ்சால் வேலை போயிடும் எல்லோ?”

“ராஜாவே செத்துப்போனார். பிறகென்ன வேலை, அன்ரி?”

“அந்த நேரம் அது மண்டையில ஓடேல்லயே, பிள்ளை...”

கத்தரின் முந்தானை தேடினாள். அணிந்திருந்தது சுவெட்டர். கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என்ர மனுசன் வெளியில நிக்கிறாரோ?”

“றெனோல்ட் அங்கிள் காலமை தொடக்கம் நிக்கிறார். வாசல் பொலிசோட சண்டை.”

“பிரெஞ்சு தெரியாதே அவருக்கு!”

“அதாலதான் இன்னும் பிடிச்சு உள்ள போடேல்ல.”

நிலைமை அத்தனை எளிதன்று. அரச வழக்கறிஞர் மாலைக்குள் முடிவு கேட்டிருந்தார். கத்தரின் தமிழில் சொன்ன உண்மை, பிரெஞ்சு அறிக்கையில் ஏறும்போது ‘வாக்குமூலத்தை மாற்றினார்’ என்று ஆகிவிடும். அதை எழுத வேண்டியவளும் துஷாந்தினியேதான்! வேறொரு சொல் கிடைக்குமா என்று அவள் தேடினாள். கிடைக்கவில்லை.

“இனி என்ன சொன்னாலும் நம்பமாட்டினம், என்ன?”

துஷாந்தினி பேனாவை மூடினாள்.

“நீ நம்புறியோ?”

“நான் நம்பி என்ன செய்யிறது, அன்ரி?”

கத்தரின் மெதுவாகத் தலையசைத்தாள். நேர்மையான பதில். அதனால் ஒரு பயனும் இல்லை.

துஷாந்தினி திடீரென்று நிமிர்ந்தாள்.

“அந்த இறைச்சி ஆர் சமைச்சது?”

“கீரத். தம்பியாற்ற மகன், அந்தப் பெறாமகன்தான். புரோசார்ட்டில இருக்கிற தன்ர வீட்டில இருந்து காலமை கொண்டுவந்து தந்திட்டுப் போனவர்.”

“அவராக் கொண்டுவந்தவரோ?”

“இல்லை. ராஜாதான் கேட்டவர். வெள்ளிக்கிழமை கட்டாயம் வேணும் எண்டு போன் பண்ணினவர்.”

“வெள்ளிக்கிழமை உங்கட விரதம் எண்டு ராஜாவுக்குத் தெரியுமோ?”

“தெரியும். புதன்கிழமை அவரே கேட்டவர். ‘நீ அண்டைக்கு இறைச்சி தின்னமாட்டாய், என்ன?’ எண்டு. மாட்டன் எண்டன். சிரிச்சார். என்ர விரதத்தைக் கேக்கவும் ஒரு ஆள் இருக்கெண்டு எனக்குச் சந்தோஷம்.”

“பிறகு ஏன் தின்னுற மாதிரி நடிச்சனீங்கள்?”

“சடங்கு சடங்குதானே? நான் தண்ணி எடுத்துக்கொண்டு வரேக்க தட்டை நீட்டினார். ஆனால்...”

“ஆனால்?”

“எப்பவும் என்ர வாயையே பாப்பார். நேற்று மட்டும் யன்னலைப் பாத்தார்.”

துஷாந்தினி எழுந்துவிட்டாள்!

“அவற்ற மாத்திரை எங்க இருக்கிறது?”

“படுக்கையறையில. அங்க ஒருத்தரையும் விடமாட்டார். அவற்ற விரல் பட்டால்தான் பூட்டுத் திறக்கும்.”

அந்தக் கதவை உடைப்பதற்கான உத்தரவு காலையிலேயே கோரப்பட்டிருந்தது. நீட்டிய விடுமுறை நாள்கள். கையொப்பமிட வேண்டிய நீதிபதி, இப்போதுதான் அகப்பட்டிருந்தார்.

இருவரும் காத்திருந்தார்கள். துஷாந்தினி நடந்தாள். கத்தரின் விரல்களை மடக்கி மடக்கிச் செபமாலை சொன்னாள். செபமாலையை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

தொலைபேசி அலறியது!

தடயவியல் பிரிவு. துஷாந்தினி கேட்டாள். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். வைத்தாள்.

“அன்ரி... கதவை உடைச்சிட்டினம். கட்டிலுக்குப் பக்கத்தில ஒரு சின்னக் கல்லுரல். அதில மாத்திரைத் தூள். உலக்கையில அவற்ற கைரேகை மட்டும்தான். பூட்டில இருக்கிற பதிவின்படி, அதைக் கடைசியாத் திறந்தது சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால. பேந்து திறக்கவே இல்லை.”

“அப்ப...?”

“நீங்கள் தண்ணி எடுக்கப் போன நேரம், தானே கலந்து தானே சாப்பிட்டிருக்கிறார்.”

“இயேசுவே! ஏன்?”

“கட்டிலுக்கு மேல அவற்ற படத்தையும் சட்டம் போட்டு வைச்சிருக்கிறார். ஹோலில மாட்டுறதுக்கு ஆயத்தமா. கீழ பித்தளைத் தகட்டில பொறிச்சிருக்கு...”

துஷாந்தினி அதை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

“‘உதய் ரணசூர். நஞ்சு. தம்பி மகன் கீரத்தால்.’”

கத்தரின் நாற்காலியின் விளிம்புக்கு வந்தாள்.

“வயது போய்ச் செத்தால் படம் எங்க போகும் எண்டு அவருக்குத் தெரியும், அன்ரி. ஆனால் இந்தக் காலத்தில ஆர் வந்து அவரைக் கொல்லுறது? அதாலதான் தானே ஒழுங்குசெய்தவர். பெறாமகனை இறைச்சி கொண்டுவரச் சொன்னார். உங்கட உயிருக்கு ஒண்டும் வரக்கூடாது எண்டு பெரிய வெள்ளியைத் தெரிஞ்செடுத்தார். ‘நான் தின்னேல்ல’ எண்டு நீங்கள் சொல்லியிருந்தால், கீரத்தான் இப்ப இந்தக் கதிரையில இருப்பார்.”

“நான் பொய் சொன்னதால...”

“ராஜா போட்ட திட்டத்துக்குள்ள நீங்கள் குறுக்க விழுந்திட்டியள்.”

கத்தரின் சிலுவை போட்டாள். ஒரு நாள் முழுவதும் தன் உயிரைப் பிழிந்த மனிதர்மீது அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“பாவம் மனுசன். கொல்லுறதுக்குக்கூட ஒருத்தரும் இல்லாமல்...”

மறுபடியும் தொலைபேசி!

இம்முறை கீரத். துஷாந்தினி அவனிடம் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள். தற்கொலை. அவன்மீது சந்தேகம் இல்லை. கத்தரின்மீதும் இல்லை.

மறுமுனையில் நிம்மதிப் பெருமூச்சு எழவில்லை.

“இதை வெளியிடத்தான் வேண்டுமா, மேடம்?”

“ஏன்?”

“கோட்டையை ஹோட்டல் ஆக்கியிருக்கிறேன். அடுத்த மாதம் திறப்பு விழா. ‘நஞ்சுண்ட ராஜாக்களின் அரண்மனை’ என்று விளம்பரம் அச்சாகிவிட்டது. கடைசி ராஜாவும் கொலையுண்டார் என்றால்...”

“கொலைகாரன் என்று உங்கள் பெயரையல்லவா பொறித்து வைத்திருக்கிறார்?”

“ஐயோ, என் பெயர் வேண்டாம்!” கீரத் பதறினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “அந்தச் சமையற்காரியே இருந்துவிட்டுப் போகட்டுமே? வம்ச மானத்தை உத்தேசித்து... நீங்கள் கேட்டுப் பாருங்களேன்?”

துஷாந்தினி சில சொற்களில் பதில் சொல்லி, அழைப்பைத் துண்டித்தாள்.

“என்னவாம், பிள்ளை?” கத்தரின் பயத்துடன் கேட்டாள்.

“ஒண்டுமில்லை. தங்கட வம்ச மானத்துக்காக நீங்கள் ஒரு பதினைஞ்சு, இருவது வருசம் உள்ளுக்க இருந்து குடுப்பியளோ எண்டு கேக்கிறார்.”

“மாதாவே! நீ என்ன சொன்னனீ?”

துஷாந்தினி வழக்குக் கோப்பை மூடினாள்.

“நாளைக்கு உங்களுக்கு ஈஸ்டர் பூசை இருக்கு, வேற ஆளைப் பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டன்!”